ஒன்றேகால் கிலோ

முந்தின வாரம் இதே மேடையில்
ஒரு கையால் பாறையைத் தூக்கினான் கதாநாயகன்.
பாறைக்குள் இருந்தது
நான் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள்.
கைதட்டல் அடங்கவே இல்லை.

இந்த வாரம் அரங்கம் ஒலிம்பிக்ஸுக்கு வாடகைக்குப் போனது.
திரையைக் கழற்றினோம்.
பலகைக்கு அடியில் பதினெட்டு உத்தரம் முட்டுக்கொடுத்தார்கள்.
எனக்கும் கிரிசோஃபரோவுக்கும் நீலச் சட்டை தந்து
இரும்புத் தட்டுகளை மாட்டிக் கழற்றச் சொன்னார்கள்.
அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
ஆளுக்குப் பாதி பாரம்.

கடைசி இரவு கனத்தவர்கள் முறை.
ஜெயித்தவர்களை உங்களுக்குத் தெரியும்,
சுவரொட்டியில் இருக்கிறார்கள்.
உருகுவேக்காரர் ஒருவர் முதல் மூன்றையும் தவறவிட்டு
பக்கத்திரைக்குப் பின்னால்
எங்கள் அட்டைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து
வெகுநேரம் காலணி நாடாவை அவிழ்த்தார்.
சிம்மாசனம் உடையவில்லை.
எனக்கே ஆச்சரியம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இல்மோ சார்க்கியோயாவை.
பின்லாந்தில் எங்கோ மரம் அறுக்கும் ஆலையில் வேலை.
அறிவிப்பாளர் மூன்று முறை பெயர் கூப்பிட்டார்,
மூன்று முறையும் வேறு வேறு ஆளைக் கூப்பிட்டார்.
ஒவ்வொரு முறையும் இவர்தான் எழுந்து வந்தார்.

பெருத்த உடம்பு, சின்னக் காது.
மெக்சிகோ நகரத்துக் காற்று மெலிசு,
மாடிப்படி ஏறினாலே வெளியூர்க்காரர்கள் சுவரைப் பிடிப்பார்கள்.
அவர் கம்பி முன் நின்று
வாயைத் திறந்து திறந்து மூடினார்,
கூடையில் கிடக்கும் மீன் மாதிரி.

கம்பியில் ஒரு கீறல், விரல்நகம் அளவு.
குனிந்து, கம்பியை உருட்டி,
கீறல் மேலே வந்த பிறகுதான் பிடிப்பார்.
இரண்டாம் முறை கவனித்தேன்.
மூன்றாம் முறைக்கு நானே உருட்டி வைத்தேன்.
கீறலைப் பார்த்தார். பிறகு என்னை.
நெடுஞ்சாலையில் எதிரெதிரே கடக்கும் லாரிக்காரர்கள்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவார்களே,
அவ்வளவுதான்.

பிரஸ், நூற்று எழுபது.
காலை அசைக்காமல், துள்ளாமல்
தோளிலிருந்து நேரே மேலே.
முதுகு வில்லாய் வளைந்தது;
அந்தக் காலத்தில் எல்லா முதுகும் வளைந்தது.
மூன்று விளக்கும் வெள்ளை.

ஸ்னாட்ச் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நள்ளிரவு தாண்டி அவருடைய கடைசித் தூக்கு.
நூற்று எழுபத்தேழரை.
பக்கத்துக்கு மூன்று இருபத்தைந்து,
அதன்மேல் பிஸ்கட் போல ஓர் ஒன்றேகால்.
வலப்பக்கத்து ஒன்றேகாலை மாட்டியது நான்.

மார்புக்கு வந்தது.
எழுந்தார்.
முன்வரிசைப் பெண் விசிறுவதை நிறுத்தினாள்.
தலைக்கு மேலே போனது,
போய், வலது முழங்கை
தூக்கத்தில் புரளும் குழந்தை போல
ஓர் இழை மடங்கி நிமிர்ந்தது.
சிவப்பு. சிவப்பு. வெள்ளை.

ஒன்பதாம் இடமோ பத்தாம் இடமோ.
கம்பியை அவர் போடவில்லை,
இறக்கி வைத்தார்.
கீறல் மேலே இருந்தது.

நாலு வருஷம் கழித்து பிரஸ்ஸையே எடுத்துவிட்டார்கள்,
எது சரி, எது வளைவு என்று
யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லையாம்.
பத்திரிகையில் ஐந்து வரி.
அப்படியானால் அந்த நூற்று எழுபது எங்கே?
கிரிசோஃபரோவிடம் கேட்டேன்.
"நாமதானே கழற்றி வச்சோம்" என்றான்.

பிறகு ஒரு கேலி நாடகம், அதில் ஒரு பயில்வான் வேடம்.
மரத்தட்டு, கறுப்புச் சாயம், உள்ளே வெறும் காற்று.
செய்து முடித்த இரவு
வலப்பக்கத் தட்டின் வயிற்றில்
ஒன்றேகால் கிலோ இரும்பை வைத்து ஆணியடித்தேன்.
இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

முதல் காட்சியில் நடிகர் தூக்கினார்.
வலக்கை தாழ்ந்தது. திடுக்கிட்டார்.
அந்த ஒரு நொடி அவர் நடிக்கவில்லை,
சபையும் சிரிக்க மறந்தது.
நான் பக்கத்திரை இருட்டில் நின்று
கையிலிருந்த டார்ச்சை
ஒருமுறை அடித்து அணைத்தேன்.